நிழல் நிலையம்: மாதிரி ரயில்களும் மறைக்கப்பட்ட நிலமும்

மாதிரி ரயில்வே கட்டுகிற ஜெர்மானியர்களிடம் ஒரு சொல் உண்டு: ஷாட்டன்பான்ஹோஃப். தமிழில் நிழல் நிலையம் என்று சொல்லலாம். மேசைமேல் மலை, ஆறு, ஊர், தேவாலயம், ஸ்டேஷன் எல்லாம் அமைத்து ரயில் விடுகிறார்கள். ஒரு வண்டி ஊரைக் கடந்து மலைக் குகைக்குள் நுழைகிறது. மறுபக்கம் வர வேண்டுமல்லவா? வராது. மலைக்கு அடியில், பார்க்கிறவர் கண்ணில் படாமல், தண்டவாளங்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும். வண்டி அங்கே போய் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, அங்கே காத்துக்கொண்டிருந்த வேறொரு வண்டி வெளியே வரும். பார்க்கிறவர்களுக்கு அது எங்கோ தொலைவிலிருந்து வருகிற வண்டி. முதலில் போனது எங்கோ தொலைவுக்குப் போய்விட்ட வண்டி. இந்த உலகம் மேசை விளிம்போடு முடிந்துவிடவில்லை என்கிற பிரமையை உண்டாக்குவது மேசைக்குக் கீழே இருக்கிற அந்த இருட்டுதான்.

இந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அது என்னை விடவில்லை. பொழுதுபோக்குகளைப் பற்றி என்னத்துக்கு எழுதணும், நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா என்று கேட்கிற தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு வருடத்துக்கும் மேலாக ஆயிரக்கணக்கான ஆட்கள் (பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் நடுத்தர வர்க்கம்) வீட்டு நிலவறையிலும் பரணிலும் உட்கார்ந்து தங்கள் நாட்டின் நிலத்தைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அரசு கட்டளையிடவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. ஒரு சமூகம் தன் நிலத்தை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறது என்பதற்கு இது ஒரு பெரிய ஆவணக் கிடங்கு. எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. என் அப்பா கேங்மேன். சித்திரை வெயிலில் தண்டவாளத்தோரம் நடந்தே தேய்ந்த கால் அவருடையது. மாதிரி ரயில்வே படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது அவரைத்தான்.

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளிவந்த தன் நூலில் சிற்றுருக்களைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்கிறார். பெரிய பொருளை நாம் உறுப்பு உறுப்பாகத்தான் அறிகிறோம். சிற்றுருவிலோ முழுமை முதலில் வசப்பட்டுவிடுகிறது, உறுப்புகள் பிறகுதான் வருகின்றன. அந்த வசப்படுதலே இன்பம். அழகான கருத்து. நிழல் நிலையம் இதில் ஓர் ஓட்டை போடுகிறது. முழுமை வசப்பட்டதுபோலத் தெரிவதற்கு ஒரு பகுதியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

*

கதை அடுப்பங்கரையில் தொடங்குகிறது. 1859இல் தெற்கு ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் தியோடோர் மெர்க்லின் என்ற தகரக் கொல்லர் பொம்மை வீடுகளுக்கான சமையல் சாமான்கள் செய்ய ஆரம்பிக்கிறார். சின்னச் சட்டி, சின்ன அடுப்பு, சின்னக் கரண்டி. அவர் மனைவி கரோலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தவர். அந்தக் காலத்தில் பெண்கள் செய்யாத வேலை. 1866இல் கணவர் இறந்த பிறகு தொழில் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். பொம்மை வீட்டு வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அது ஒருநாளும் முழுமையடையாது. அடுப்பு வாங்கினால் சட்டி வேணும், சட்டி வாங்கினால் அலமாரி வேணும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒன்று. 1891இல் லைப்சிக் சந்தையில் மெர்க்லின் நிறுவனம் எட்டு வடிவத் தண்டவாளத்தில் ஓடும் சாவி ரயிலைக் காட்சிக்கு வைத்தபோது செய்தது இதைத்தான்: பெண் குழந்தையின் அடுப்பங்கரையில் கற்ற சூட்சுமத்தை ஆண்பிள்ளையின் ரயிலுக்கு மாற்றியது. தண்டவாளத்தின் அகலத்துக்கு ஒரு நிலையான அளவு வைத்தார்கள். அதனால் இந்த வருடம் வாங்கிய துண்டோடு அடுத்த வருடம் வாங்குகிற துண்டு சேரும். நீட்டலாம், கிளை பிரிக்கலாம், பாயின்ட் வைக்கலாம்.

'விரிவாக்கம்' என்பது இந்தப் பொம்மையின் ரத்தத்திலேயே இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். இன்று ஒரு மாதிரி ரயில்காரரிடம் "முடிஞ்சுதா?" என்று கேட்டால் சிரிப்பார். முடியாது. அறைச்சுவரை இடித்து அடுத்த அறைக்குக் கொண்டுபோவார். காலனிய ரயில்பாதைகள் எந்தத் தர்க்கத்தில் நீண்டனவோ அதே தர்க்கம், அதே பத்தாண்டுகளில், கிறிஸ்துமஸ் பரிசாக வீட்டுக்குள்ளும் வந்தது என்பது தற்செயலா என்பதை வாசகர்கள் யோசிக்கலாம்.

அந்த ரயில் ஓடியது வெறுந்தரையில். நிலம் அப்போது தேவைப்படவில்லை, கம்பளமே நிலம். வண்டிகள் சிறுத்துப் போனதும்தான் நிலத்துக்கு இடம் கிடைத்தது. 1922இல் பிங் நிறுவனம் செய்த மேசை ரயிலை பாசெட்-லோக் இங்கிலாந்தில் விற்றது. 1935இல் மெர்க்லினும் டிரிக்ஸும் மேசைமேல் ஓடும் மின்சார ரயில்களைக் கொண்டுவந்தன. அடுக்ககங்களில் குடியேறியிருந்த குடும்பங்களுக்கு இந்த அளவு வசதி. வண்டி மேசைக்கு ஏறியதும் இன்னொரு சிக்கல் வந்தது. தரையில் ஓடியபோது யாரும் கேட்காத கேள்வி இது: நிஜ ரயில் இப்படி வட்டமடிக்குமா? வளைவை மறைக்க ஒரு குன்று. குன்றுக்கு ஒரு குகை. குகைக்கு மேல் சும்மா இருக்கக்கூடாதென்று நாலு மரம். நிலக்காட்சிக்கு வாய்த்த முதல் வேலை மறைப்பது என்றே எனக்குப் படுகிறது. அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மரச்சட்டத்தின் மேல் கம்பி வலை, வலையின் மேல் பிளாஸ்டரில் நனைத்த காகிதம் அல்லது துணி, அதன்மேல் மண் நிறம், சாயம் தோய்த்த மரத்தூள் தூவிப் புல், காய்ந்த பாசியைக் கிள்ளி வைத்துப் புதர். மலை என்பது ஒரு கூடாரம். உள்ளே காலி.

*

நிலத்தை ரயிலுக்குச் சமமாக வைத்து யோசித்தவர்களில் முன்னோடி லண்டனில் வசித்த ஜான் ஏஹர்ன். 1930களில் தன் வீட்டு அறையில் 'மேடர் பள்ளத்தாக்கு' என்ற கற்பனைப் பிரதேசத்தை அமைத்தார். கட்டடங்கள் எல்லாம் எங்கெங்கோ நிஜமாக இருந்தவை. ஒன்றாகச் சேர்ந்த ஊர் மட்டும் எங்கேயும் கிடையாது. வீடு கட்டுவது பற்றியும் நிலம் அமைப்பது பற்றியும் அவர் எழுதிய சிறு நூல்கள் இரண்டு தலைமுறைக்குப் பாடப்புத்தகமாக இருந்தன. 1961இல் அவர் இறந்த பிறகு அந்தப் பள்ளத்தாக்கு ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்திலுள்ள பென்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பென்டனை நிறுவியவர் ரோய் இங்லண்ட். இவரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ரோய் இங்லண்ட் ஆஸ்திரேலியர், பெர்த் நகரத்துக்காரர். 1925இல், இருபது வயதுகூட ஆகாதபோது, இங்கிலாந்துக்கு வருகிறார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறை நகரான ஸ்விண்டனுக்குப் பக்கத்தில் வான்பரோ கிராமத்தில் தங்குகிறார். அவருக்கு ரயில் பைத்தியம். ஆனால் அவர் கண்ணில் பட்டது வேறு. 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு' என்று அழைக்கப்படும் அந்தப் பகுதியின் கிராமங்களில் பழைய வைக்கோல் கூரைகளைப் பிரித்துவிட்டுத் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் போட ஆரம்பித்திருந்தார்கள். சுண்ணாம்புக்கல் சுவர்கள் இடிந்துகொண்டிருந்தன. தடுக்க அவரால் முடியாது. ஆகவே அளந்தார். ஒரு வீட்டின் முன்னால் போய் நின்று கல் கல்லாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து, ஒன்றுக்கு எழுபத்தாறு என்ற விகிதத்தில் அட்டையில் கட்டத் தொடங்கினார். கூரைக்குக் குழாய் வேலைக்காரர்கள் திருகுமரையில் சுற்றுகிற சணல்நார். ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும், சில வீடுகளுக்கு அதற்கும் மேல். 1954இல் லாங் விட்டன்ஹாமில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, இளைஞர் விடுதியாக நடத்திக்கொண்டே அங்கே அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். முதலில் உருவானது டார்ட்மூர் காட்சி, மரத்தாலான உயரமான ரயில் பாலத்தோடு. பள்ளத்தாக்கைப் பெரிய அளவில் கட்டும் வேலை பிறகு ஆரம்பித்துப் பல பத்தாண்டுகள் நீண்டது. 1995இல் அவர் இறந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை. தொண்டர்கள் தொடர்ந்தார்கள்.

படங்களில் பார்க்கும்போதே பேச்சு வராது. கொடியில் காயும் துணி, தோட்டத்து முட்டைக்கோஸ், சன்னல் வழியே தெரியும் மேசை. காலம் 1930ஐ ஒட்டிய ஒரு கோடைப் பகல். மழை கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கில் என்றைக்கும் மழை கிடையாது.

கூரை வீட்டில் ஐப்பசி, கார்த்திகையைக் கழித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். கூரையைப் பிரித்துத் தகரம் போட்டவன் யார், ஏன் போட்டான்? அழகுணர்ச்சி இல்லாத முட்டாளா? 1921இல் பிரிட்டிஷ் அரசு தானிய உற்பத்திச் சட்டத்தை ரத்து செய்தது. அதோடு விவசாயக் கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த வாரியமும் போயிற்று. வாரத்துக்கு 46 ஷில்லிங் வரை போயிருந்த கூலி ஒன்றிரண்டு வருடத்தில் 28க்கும், சில மாவட்டங்களில் 25க்கும் இறங்கியது. 1923இல் நார்ஃபோக் மாவட்டத்தில் கூலிக்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1924இல்தான் கூலி வாரியம் மறுபடி வந்தது. ரோய் இங்லண்ட் கப்பலிலிருந்து இறங்கியது இதற்கு அடுத்த வருடம். அந்தக் காலத்து ஆங்கிலக் கிராமங்களில் கூலிக்காரர் குடியிருந்த வீடு பல இடங்களில் பண்ணையாருடையது, வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வேலை போனால் வீடும் போகும். இந்த முறையிலிருந்து விவசாயத் தொழிலாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, அழகான அந்தக் கூரை ஒழுகியது. மாற்றிக் கட்ட உள்ளே இருந்தவனுக்கு உரிமையும் இல்லை, காசும் இல்லை. வீட்டுக்காரன் மலிவான தகரத்தைப் போட்டான். தகரம் அசிங்கம்தான். ஒழுகாது.

இன்னொன்றும் உண்டு. வைக்கோல் கூரையை ஒழிக்கத் தொடங்கியதே ரயில்தான். வேல்ஸ் மலைகளில் வெட்டிய ஓட்டுக்கல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மூலை முடுக்கெல்லாம் மலிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது கூட்ஸ் வண்டி. அந்த வண்டியின் காதலன், அது அழித்த கூரைகளை அந்த வண்டியின் பக்கத்திலேயே அட்டையில் கட்டி வைக்கிறான்! நிலத்தையும் ரயிலையும் ஒரே சட்டகத்துக்குள் சமாதானமாக உட்கார வைப்பதுதான் பென்டனின் உண்மையான கற்பனை. மேடர் பள்ளத்தாக்கைவிட இது பெரிய கற்பனை.

இப்படிச் சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். நம் விமர்சகர்கள் பலருக்கு அதுதான் பழக்கம். எனக்கு மனம் வரவில்லை. காரணம், இந்த மனிதர் பொய் சொல்ல மறுத்தார். தான் அளந்ததை அளந்தபடி வைத்தார். சமூக வரலாற்றாசிரியன் ஒருவன் நாளைக்கு அந்த வீடுகளின் முன்னால் குனிந்து நின்று, ஒரு குடும்பத்துக்கு எத்தனை அறை, காய்கறிப் பாத்தி எவ்வளவு, பண்ணை வீட்டுக்கும் கூலிக்காரன் வீட்டுக்கும் சுவரின் உயரத்தில் என்ன வித்தியாசம் என்று எண்ணிப் பார்க்கலாம். நேசம் மறைத்ததை நுட்பம் காட்டிக்கொடுக்கிறது. பிரதியை எழுதியவனுக்கு எதிராகப் பிரதியை வாசிப்பது என்று நாம் பேசிக்கொள்கிறோமே, அதற்கு அட்டையில் செய்த உதாரணம் இது.

*

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நேர் எதிரான ஒருவர் இருந்தார். ஜான் ஆலன், பிறப்பு 1913, புகைப்படக்காரர். கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் வீட்டு நிலவறையில் 1950களின் நடுவிலிருந்து அவர் கட்டிய ரயில்வேயின் பெயர் 'கோர் அண்ட் டஃபெட்டிட்'. அமெரிக்க உச்சரிப்பில் வேகமாகச் சொன்னால் 'ரத்தக்களறியாகித் தோற்றது' என்று கேட்கும். முன்பு 1940களில் கட்டிய ஒரு மேசை அளவு ரயில்வே இருந்தது. அதை அப்படியே எடுத்துப் புதியதன் ஒரு மூலையில் பொருத்திவிட்டார். விரிவாக்கம் என்றால் விழுங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை மலை. நடுவில் ஆள் நடக்கிற பள்ளத்தாக்கு. கோணம் பார்த்துச் செருகிய கண்ணாடிகள் ஒரு தெருவை இரண்டாக்கும். ஷன்டிங் வேலைக்கு எஞ்சினுக்குப் பதில் ஒரு ஸ்டெகோசாரஸ் பொம்மை. பெயர் எம்மா, எண் 13. அவரிடம் நகைச்சுவை இருந்தது என்பதை மறக்கக்கூடாது. இந்தத் துறையில் அது அபூர்வம்.

ஆலனின் பெரிய பங்களிப்பு அழுக்கு. அதுவரை மாதிரி ரயில்கள் கடைச் சாயத்தோடு பளபளவென்று ஓடின. அவர் வண்டிகளில் துரு ஏற்றினார், கட்டடங்களின் பலகைகளை வெளிறச் செய்தார், ஒரு கூரையில் ஓட்டை விட்டார். முதுமையூட்டுதல் இன்று ஒவ்வொரு மாதிரி ரயில்காரரும் கற்கும் கலை, அதற்கென்று சாயப்புட்டிகளும் பொடிகளும் விற்கிறார்கள். வறுமையின் தடம் ஒரு அழகியல் உத்தியானது இப்படி. துரு வந்தது, துருப்பிடிக்கக் காரணமான நொடிப்பு வரவில்லை. மலைகளைக் குடைந்த ரயில்பாதை என்றால் கலிஃபோர்னியாவில் 1865க்கும் 1869க்கும் இடையே சியரா மலையில் சென்ட்ரல் பசிஃபிக் கம்பெனிக்காகப் பாறை உடைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்களை நினைக்காமல் இருக்க முடியாது. 1869 மே 10 அன்று இரண்டு பாதைகளும் சந்தித்த இடத்தில் எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. பிளாஸ்டர் மலையில் குகை என்பது வலையை வெட்டி விடுகிற ஓர் ஓட்டை. வெடிமருந்து வேண்டாம், ஆள் வேண்டாம்.

ஆனால் ஆலன் ரயிலை வெறுமனே ஓடவிடவில்லை. நண்பர்கள் வாராவாரம் வருவார்கள். கால அட்டவணை உண்டு. அந்த உலகத்துக்கென்று வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்று உண்டு. ஒருவர் கன்ட்ரோலர், ஒருவர் யார்டு மாஸ்டர், ஒருவர் டிரைவர். எந்த வேகனை எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று சீட்டு வரும். வக்கீலும் கடைக்காரரும் வேலை முடிந்து வந்து வேலை செய்தார்கள், சம்பளம் இல்லாமல், சந்தோஷமாக! அமெரிக்க ரயில்வேக்களில் நீராவி எஞ்சினோடு ஆயிரக்கணக்கான வேலைகளும் ஒழிந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அப்பாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அவங்களுக்கு லீவு உண்டா?" என்று கேட்டார்.

1973 ஜனவரி 6ஆம் தேதி ஆலன் மாரடைப்பில் இறந்தார். பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்து அந்த ரயில்வேயின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவை அவர் எடுத்த புகைப்படங்கள். பென்டன் ஒருவரின் ஆயுளைத் தாண்டி வளர்ந்ததற்கும் இது அழிந்ததற்கும் உள்ள வேறுபாட்டை விதி என்று விட்டுவிடலாம். ஒன்று அறக்கட்டளை, மற்றது ஒருவரின் நிலவறை என்றும் சொல்லலாம்.

*

இனி ஜெர்மனி. 1946இல் கருங்காட்டுப் பகுதியிலுள்ள கியூட்டன்பாக் என்ற சிறிய ஊரில் ஃபாலர் சகோதரர்கள் இருவர் ஒரு நிறுவனம் தொடங்குகிறார்கள். மாதிரி ரயில்வேக்கான சின்ன வீடுகள். பிற்பாடு அவை பிளாஸ்டிக் துண்டுகளாக, ஒட்டிக் கட்டுகிற பெட்டிகளாக வந்தன. வருடத்தைக் கவனியுங்கள். 1943 ஜூலை கடைசியில் நேச நாட்டு விமானங்கள் ஹாம்பர்க்கில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று நகரத்தின் பெரும்பகுதியை எரித்திருந்தன. கோலோன், டிரெஸ்டன் என்று பட்டியல் நீளும். ஜெர்மன் குடும்பங்கள் இடிபாடுகளுக்கு நடுவே வாழ்ந்துகொண்டிருந்தபோது, மேசைமேல் சட்டக மரவீடுகளும் சதுக்கத்துக் கிணறும் சன்னலில் பூத்தொட்டியுமாக ஒரு சேதமில்லாத ஊர் எழும்பத் தொடங்கியது. அலெக்சாண்டர், மார்கரெட் மிட்ஷர்லிஷ் தம்பதி 1967இல் எழுதிய நூல் 'துக்கம் கொண்டாட இயலாமை' பற்றிப் பேசியது. போருக்குப் பின் ஜெர்மானியர்கள் செய்ததை நினைக்காமல், இழந்ததையும் நினைக்காமல், மும்முரமாகக் கட்டிக்கொண்டே போனார்கள் என்பது அவர்கள் வாதம். அவர்கள் உளப்பகுப்பாய்வாளர்கள். இந்தச் சின்ன வீடுகளையும் பகுப்பாய்வு மேசையில் வைத்திருக்கலாம்.

மாதிரி ரயில்காரர்கள் வரலாற்றைப் புறக்கணிப்பவர்கள் என்று நினைத்துவிடக்கூடாது. வரலாற்றில் அவர்களை விஞ்ச ஆளில்லை. 1954இல் தொடங்கிய மோரோப் என்ற ஐரோப்பியக் கூட்டமைப்பு ரயில் வரலாற்றைச் 'சகாப்தங்களாக'ப் பிரித்திருக்கிறது. இரண்டாம் சகாப்தம் ஏறத்தாழ 1920இலிருந்து இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகள் வரை. பிரிப்பதற்கு அளவுகோல்: எந்த ரயில்வே நிர்வாகம், வண்டிக்கு என்ன நிறம், எழுத்து எப்படி, சிக்னல் எப்படி. 1937இல் ரெய்ஷ்பான் நேரடியாக அரசின் கீழ் வந்ததும் வண்டிகளில் கழுகுச் சின்னம் ஏறியது. ஸ்வஸ்திகாவைக் காட்டுவது பின்னாளைய ஜெர்மன் சட்டத்தில் பொதுவாகக் குற்றம் என்பதால், மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் கழுகு இருக்கும், அதன் காலடியில் வட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலி வட்டத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஐரோப்பாவின் பன்னிரண்டு வருடம் அதற்குள் இருக்கிறது.

மூடிய கூட்ஸ் வேகன் ஒன்று உண்டு, ஜி10 என்று பெயர். எங்கும் ஓடிய சாதாரண வேகன். மாடு, தானியம், சிப்பாய்கள் எல்லாவற்றையும் ஏற்றியது. இதிலும் இதுபோன்ற வேகன்களிலும்தான் யூதர்களையும் சிந்தி, ரோமா மக்களையும் கொலை முகாம்களுக்கு ஏற்றிச் சென்றார்கள். இதன் மாதிரி பல நிறுவனங்களின் தயாரிப்பாக விற்கிறது. ஆணி சரியாக இருக்கும், காற்றுக்கு விட்ட சின்னத் திறப்பு சரியாக இருக்கும், பலகைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும். வாங்குகிறவரைக் குற்றவாளி ஆக்குவது என் நோக்கமில்லை. அது சாதாரண வேகன்தான், அதன் கொடூரமே அது சாதாரணமானது என்பதில் இருக்கிறது. ஆனால் ரோய் இங்லண்டின் வீட்டில் நுட்பம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது என்று சற்று முன்பு சொன்னேன். இங்கே அது முடியவில்லை. எவ்வளவு குனிந்து பார்த்தாலும் வேகன் வாய் திறப்பதில்லை. நுட்பத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதை இதில்தான் தெரிந்துகொண்டேன்.

*

உலகத்தின் மிகப் பெரிய மாதிரி ரயில்வே ஹாம்பர்க்கில் இருக்கிறது. ஃபிரெடரிக், கெரிட் பிரவுன் என்ற இரட்டையர்கள், அதற்குமுன் அந்த ஊரில் நடனக்கூடம் நடத்தியவர்கள், 2001 ஆகஸ்டில் திறந்த 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்'. மெர்க்லினின் எட்டு வடிவத் தண்டவாளம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் இங்கே பார்க்க வேண்டும். 2002இல் ஹாம்பர்க், 2003இல் அமெரிக்கா, 2005இல் ஸ்காண்டிநேவியா, 2007இல் சுவிட்சர்லாந்து, 2011இல் விமானங்கள் ஓடி மேலேறும் ஒரு விமான நிலையம், 2016இல் இத்தாலி. 2021இல் இருக்கிற கட்டடம் போதாமல், கால்வாய்க்குக் குறுக்கே பாலம் போட்டு எதிர்க் கட்டடத்துக்குள் ரியோ டி ஜெனீரோவைத் திறந்தார்கள். அதை அர்ஜென்டினாவில் ஒரு மாதிரிக் கலைஞர் குடும்பம் கட்டி அனுப்பியது. 15 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம், ஆயிரத்துக்கு மேல் ரயில்கள், லட்சக்கணக்கில் மனித உருவங்கள். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டிவிட்டு விடிகிறது. எல்பே நதிக்கரை இசையரங்கம் அசலில் கட்டி முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் மாதிரியை 2013இலேயே திறந்துவிட்டார்கள். அசல் 2017இல்தான் திறந்தது.

இவர்களுக்கு அரசியல் தெரியும். 2009 தேர்தலின்போது நாடாளுமன்றக் கட்சிகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சதுரமீட்டர் நிலம் கொடுத்து, உங்கள் கனவு நாட்டைக் கட்டிக் காட்டுங்கள் என்றார்கள். பெர்லின் சுவர் எழுந்து விழுந்த கதையை, ஒரே இடம் வெவ்வேறு ஆண்டுகளில் எப்படி இருந்தது என்று அடுத்தடுத்த காட்சிகளாகச் செய்து வைத்தார்கள். 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்றபோது தங்கள் அமெரிக்கப் பகுதியைச் சுற்றி முள்வேலிச் சுவர் எழுப்பினார்கள். அட்டைக்குள் அடைந்துகிடக்கும் ஏக்கம் என்று நான் ரோய் இங்லண்டிடம் குறை கண்ட ஆள். இங்கே சிற்றுரு வாய் திறந்து பேசுகிறது, அதை மறுக்க முடியாது.

அது இருக்கிற கட்டடத்துக்கு வருவோம். அந்தச் செங்கல் கிடங்கு வரிசைக்கு ஷ்பைஷர்ஷ்டாட் என்று பெயர், கிடங்கு நகரம். 2015இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 1883இல் வேலை தொடங்கி, 1888இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் வந்து திறந்துவைத்தார். காப்பி, தேயிலை, மிளகு என்று காலனிகளின் சரக்கைச் சுங்கவரி இல்லாமல் இறக்கி வைக்க ஏற்பாடு. அதற்கு இடம் வேண்டியிருந்தது. அந்தத் தீவுகளில் அப்போது குடியிருப்புகள் இருந்தன. வணிகர்களின் மாளிகைகள் கொஞ்சம், துறைமுகக் கூலிகளின் நெரிசலான குடித்தனங்கள் நிறைய. சுமார் 20,000 பேரைக் கிளப்பினார்கள். துறைமுகத்தில் அன்றன்றைக்கு வேலை பிடிக்கிற கூலிக்கு வீடு பக்கத்தில் இருந்தாக வேண்டும், இப்போது தூரமாகிவிட்டது. 1896 நவம்பரில் ஹாம்பர்க் துறைமுகத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் பதினொரு வாரம் நீடித்துத் தோற்றது. கூலியோடு இந்த வீட்டுத் தொலைவும் அதன் பின்னணியில் இருந்த குறைகளில் ஒன்று. விரிவாக்கம் என்ற சொல்லை மேலே பலமுறை சாதாரணமாகப் பயன்படுத்திவிட்டேன். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அது இப்படி இருக்கும்.

அந்தக் கிடங்கிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் லோஸே பூங்கா இருக்கிறது. அங்கே முன்பு ஹனோவர் நிலையம் என்றொரு ரயில் நிலையம் இருந்தது. 1940 மே மாதத்திலிருந்து 1945 பிப்ரவரி வரை இருபது ரயில்களில் 8,000க்கும் மேற்பட்ட யூதர்களையும் சிந்தி, ரோமா மக்களையும் ஹாம்பர்க் அங்கிருந்து அனுப்பியது. பெல்ஷெக், லோட்ஸ், மின்ஸ்க், ரீகா, தெரேசியன்ஷ்டாட், ஆஷ்விட்ஸ். பிரதான நிலையம் நகரத்தின் நடுவில் இருந்தது. இது ஒதுக்குப்புறம், பெரும்பாலும் கூட்ஸ் போக்குவரத்துக்கு. போரில் சிதைந்தது போக மிஞ்சிய முகப்பை 1955இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நினைவிடம் வர 2017 ஆயிற்று. பூங்காவின் நடுவே, பழைய தண்டவாளம் போன தடத்தில் ஒரு நீளமான பள்ளத்தை வெட்டிவிட்டிருக்கிறார்கள். அது பிளாட்ஃபாரத்தின் எஞ்சிய துண்டு வரை போகிறது. அங்கே பலகைகளில் பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனியாக.